எச்சரிக்கை வந்தது, ஏகுவதற்கு இடம் எங்கே?

மலை சரிந்த பின் அழுவது இந்த நாட்டுக்குப் பழகிப்போன காரியமாகிவிட்டது. மண் மூடிய லயங்களின் அருகே மந்திரிமார் வந்து நிற்பதும், பத்திரிகைகள் படம் போடுவதும், கொழும்பிலிருந்து அரிசி மூடைகளும் உடுபுடைவைகளும் லொறி ஏறுவதும், மூன்றாம் மாதம் அத்தனையும் மறந்துபோவதும் ஒரு சடங்காகவே நடந்துவருகின்றன. 2014ஆம் ஆண்டு மீரியபெத்தைக்காக அழுதோம். 2016ஆம் ஆண்டு அரநாயக்கவுக்காக அழுதோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை ஊடறுத்தபோது, ஒரு மலைக்காக அல்ல, கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலைநாடு முழுமைக்குமாகவே அழுதோம். அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களை அந்தப் புயல் கொண்டுபோயிற்று. மண்ணுக்குள் புதைந்து இன்னும் வெளிவராதவர்களும் உளர்.

அழுகை மனிதத் தன்மையின் அடையாளம். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அழுகையோடு சேர்ந்து ஒரு பொய்யும் ஊர்வலம் வருகிறது. "இது இயற்கையின் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?" என்பதே அந்தப் பொய். மழை இயற்கை, காற்று இயற்கை, மலையின் சரிவும் இயற்கை. ஆனால் சரியக்கூடிய மலையின் அடியிலே மனிதனைக் குடியிருத்தியது இயற்கை அன்று. சரியும் என்று தெரிந்த பின்னும் அவனுக்கு மாற்றிடம் கொடாதது இயற்கை அன்று. சரியப்போகிறது என்ற செய்தியை அவன் அறியும் மொழியில் அவன் காதில் போடாதது நிச்சயமாக இயற்கை அன்று. இவை மனிதர் செய்த காரியங்கள். ஆகவே மனிதராலே மாற்றக்கூடிய காரியங்கள்.

பனிமலை புகட்டும் பாடம்

மலையின் ஆபத்தை முன்கூட்டியே அளந்து சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் பனிமலை நாடுகளைச் சற்றே பார்க்கட்டும். அங்கே மண்ணுக்குப் பதில் பனி சரிகிறது. ஒரு கிராமத்தையே சில நொடிகளில் மூடிவிடும் வேகம் அதற்கு உண்டு. அந்த ஆபத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள், புதுப்பனி பொழிந்து பெருங்காற்றும் வீசிய மறுநாள் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகியிருக்கின்றனர்.

எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பது முதற் கேள்வி. ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல விழுந்த பனியைத் தாங்கும் சரிவு, அதே அளவு ஒரே இரவில் விழுந்தால் தாங்குவதில்லை. காற்று அந்தப் பனியை எங்கே கொண்டுபோய்க் குவித்தது என்பது இரண்டாம் கேள்வி. காற்றடிக்கும் பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்துச் சரிவில் ஏற்றிவிடும் வல்லமை காற்றுக்கு உண்டு. ஆகவே முழங்கால் அளவு பனி பெய்த மலையில், ஒரு சரிவு வெறிச்சோடிக் கிடக்க, மறு சரிவில் ஆள் உயரப் பனி தொங்கிக்கொண்டிருக்கும். பெய்த அளவை மாத்திரம் பார்த்தவன் ஏமாந்து போவான். பழைய பனியின் மேல் புதுப்பனி பிடித்து நிற்கிறதா, அன்றி இடையிலே வலுவற்ற படை ஒன்று ஒளிந்திருக்கிறதா என்பது மூன்றாம் கேள்வி. சரிவு 30 பாகைக்கு மேற்பட்டு, மேலே புதுச்சுமை ஏறி, நடுவே வலுவற்ற படையும் இருந்துவிட்டால், ஒரு மனிதன் கால் வைக்கும் பாரமே அதைக் கீழே இறக்கப் போதும்.

இக்கேள்விகளுக்கு விடை காண்பதை அந்நாடுகள் தனி மனிதனின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடவில்லை. சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் நாள்தோறும் அது ஆபத்து அறிவிப்பு வெளியிடுகிறது. ஐரோப்பிய மலைநாடுகள் யாவும் 1993ஆம் ஆண்டு முதல் ஐந்து படிகள் கொண்ட ஒரே அளவுகோலைக் கையாளுகின்றன. படி உயர்ந்தால் வீதி மூடப்படும், வீடுகள் காலியாகும், மக்கள் போய்த் தங்குவதற்குரிய மண்டபம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும்.

அந்த நாடுகளிலும் பிழை நேராமலில்லை. 1999 பெப்ரவரியில் சுவிற்சர்லாந்தின் எவொலேன் என்னும் மலையூரில் பனி சரிந்து 12 பேர் மாண்டனர். ஆனால் அதன்பின் அங்கே நடந்ததை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆபத்து அறிவிக்கப்பட்டிருந்தும் உரிய வேளையில் வீதியை மூடவில்லை, மக்களை வெளியேற்றவில்லை என்று ஊராட்சித் தலைவரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். குற்றவாளிகள் எனத் தீர்ப்பும் பெற்றனர். அங்கே எச்சரிக்கை என்பது ஒரு காகிதம் அன்று. அது ஒரு கடமை. கடமை தவறியவன் "இயற்கையின் சீற்றம்" என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

பனியின் கொடுமை தமிழனுக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. 2016 பெப்ரவரி 3ஆம் திகதி சியாச்சின் பனிமலையில் இந்தியப் படையின் காவல் முகாமொன்றைப் பனிப்பாறை மூடி, 10 வீரர்களின் உயிரைக் குடித்தது. அது மதராஸ் ரெஜிமென்டின் முகாம். மாண்டவருள் தமிழகத்துப் பிள்ளைகளும் இருந்தனர்.

நமது மலையின் சுமை

நமது மலையில் பனி பெய்வதில்லை, மழை பெய்கிறது. ஆயினும் பனிமலைவாசிகளின் மூன்று கேள்விகளும் நமக்கும் உரியனவே. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அதன் பாரத்தைக் கூட்டுகிறது. மண்ணின் பிடிப்பையும் தளர்த்துகிறது. கீழே இறுகிய பாறை, மேலே ஊறிய மண், இடையே வழுக்கும் படை. மலை சரிவதற்கு வேறென்ன வேண்டும்?

காற்று பனியை ஒரு சரிவிலே குவிப்பது போல, நமது மலையில் நீரை ஒரு சரிவிலே குவிப்பது மனிதனின் கை. மலையின் அடியை வெட்டி வீதி போடுகிறோம். அந்த வீதியின் தண்ணீரை ஒரே மதகின் வழியாகக் கீழே இருக்கும் லயத்தின் தலைமேல் இறக்குகிறோம். வெள்ளைத் துரைமார் காலத்தில் தோட்டங்களிலே "கான் வெட்டு" என்பது ஒரு நாள் வேலை. சரிவுக்குக் குறுக்காக வெட்டிய கான்கள் மழைநீரை மெல்ல ஓடைக்குக் கொண்டுபோயின. கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் அந்தக் கான்கள் இன்று தூர்ந்து கிடக்கின்றன. ஓடவேண்டிய நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் ஊறுகிறது. ஊறிய மண் ஒரு நாள் இறங்குகிறது. ஆகவே எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்பது பாதிக் கேள்வி; அந்த நீர் எந்தச் சரிவில் போய்ச் சேர்ந்தது என்பது மறுபாதி. மழைமானி முதற் பாதியைச் சொல்லும். மறுபாதியை அந்த மலையிலே நாள்தோறும் ஏறி இறங்கும் தொழிலாளியே சொல்ல வல்லவன்.

நிலம் வெடிக்கும். நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாயும். நேற்றுவரை இலகுவாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இறுகும். சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு ஓடும். ஊற்றில்லாத இடத்தில் திடீரென ஊற்றுப் பிறக்கும். இருந்த ஊற்று வற்றும். தெளிந்த நீர் சேறாகும். மலை இத்தனை முறை வாய் திறந்து பேசிய பின்னரே சரிகிறது. கிணற்று நீரின் நிறம் மாறினாலே காரணம் தேடும் கமக்காரனுக்கு இந்தப் பேச்சை நாம் விளக்கவேண்டியதில்லை.

மூன்று நிறங்கள்

இந்த அறிவு நம் நாட்டில் இல்லையா? இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ற அரசாங்க நிலையம் கொழும்பு ஜாவத்தை வீதியிலே இருக்கிறது. வெள்ளவத்தை வாசகர்களுக்கு அது அதிக தூரமும் இல்லை. அதன் வல்லுநர்கள் மலைநாட்டு மாவட்டங்களை ஆராய்ந்து, எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்தானது என்று படம் வரைந்திருக்கின்றனர். மழையை அளந்து, மூன்று நிறங்களில் எச்சரிக்கையும் விடுக்கின்றனர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் மஞ்சள்: விழித்திருங்கள். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ சிவப்பு: உடனே வெளியேறுங்கள்.

அந்த வல்லுநர்களை நாம் பழிக்க வரவில்லை. அவர்கள் அளந்தார்கள்; எழுதினார்கள்; அறிவித்தார்கள். டித்வா நாட்களிலும் பல பிரதேசங்களுக்குச் சிவப்பு அறிவிப்பு விடுக்கப்பட்டது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது சிவப்பு எல்லையைப் போல இரு மடங்கு, மழை கொட்டியது. அறிவு தவறவில்லை. அறிவுக்கும் லயத்துக் காம்பராவுக்கும் இடையிலே இருக்கும் பாதைதான் தவறியது. அந்தப் பாதை எங்கே அறுந்து கிடக்கிறது என்பதைக் காட்ட ஓர் ஊரே போதும்.

மீரியபெத்தை சாட்சி

பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி புதன்கிழமை காலை. பிள்ளைகளிற் பலர் பள்ளிக்கூடம் போயிருந்தனர். மழையில் ஊறியிருந்த மலை இறங்கி வந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு வீடும் இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. மாண்டோர் தொகை என்று முதலில் சொல்லப்பட்டது வேறு, பின்னர் சொல்லப்பட்டது வேறு. அந்த லயங்களிலே எத்தனை பேர் குடியிருந்தனர் என்று அன்று திட்டமாகச் சொல்ல ஓர் அதிகாரியாலும் இயலவில்லை. உயிரோடிருந்தபோது எண்ணப்படாதவர்கள் மாண்டபோது எவ்வாறு எண்ணப்படுவர்?

அந்த மலை சரியும் என்பது தெரியாத செய்தி அன்று. மக்களை அங்கிருந்து அகற்றவேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து நான்காம் வகுப்புக்குப் போகும் காலம். அந்தக் காலம் முழுவதும் எச்சரிக்கை கோவையிலே இருந்தது. மக்கள் மலையடியிலே இருந்தனர்.

மலை சரிந்த பின் என்ன நடந்தது? தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை முதலான தற்காலிக இடங்களிலே காலம் தள்ளினர். 2016ஆம் ஆண்டு அவர்களுக்கென 75 புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. கொடுத்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் நமது கேள்வி நேரானது. மலை சரிந்த பின் இரண்டே ஆண்டுகளில் கிடைத்த நிலம், சரியுமுன் ஒன்பது ஆண்டுகளாக ஏன் கிடைக்கவில்லை? நிலம் இருந்தது. பணமும் தேடினால் கிடைத்தது. இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: பிணம். தோட்டத் தொழிலாளி ஒரு துண்டு நிலத்துக்கு உரியவனாவதற்கு முதலில் தன் வீட்டாரைப் புதைகுழிக்குக் கொடுக்கவேண்டும் என்பதுதான் இந்த நாட்டின் விதியா?

"ஏன் வெளியேறவில்லை?"

ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்பும் அதிகாரிகள் ஒரு குறை கூறுகின்றனர். "சொன்னோம், அவர்கள் வெளியேறவில்லை" என்பது அது. இதில் உண்மை இல்லாமலில்லை. முன்பு இரண்டு முறை சிவப்பு அறிவிப்பு வந்து மலை சரியாமலே போயிருந்தால், மூன்றாம் முறை மனிதன் தயங்கத்தான் செய்வான். மாட்டை விட்டுப் போக மனம் வராது. காம்பராவில் இருக்கும் நாலு சட்டி பானையை விட்டுப் போகவும் மனம் வராது. இவை எந்த ஊர் மனிதருக்கும் உள்ள இயல்புகள். ஆனால் தோட்டத்து மனிதருக்கு இவற்றுக்கு மேலும் காரணங்கள் உள. அவை அவர் உண்டாக்கியவை அல்ல.

அவர் குடியிருக்கும் காம்பரா அவருடையது அன்று. அது தோட்டத்தின் சொத்து. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய பாட்டனை நாடற்றவனாக்கியது. நாடற்றவனுக்கு நிலம் ஏது? 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசாங்கத்தின் கைக்கு மாற்றின. தொழிலாளியின் கைக்கு ஒரு பேர்ச்சும் வரவில்லை. 1992ஆம் ஆண்டு தோட்டங்களின் நிருவாகம் கொம்பனிகளுக்குப் போயிற்று. லயம் லயமாகவே இருந்தது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடுவதற்குக்கூட 2018ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்படும்வரை தடை இருந்தது. அரசாங்கத்தைக் கேட்டால் தோட்டத்தைக் காட்டும். தோட்டத்தைக் கேட்டால் அரசாங்கத்தைக் காட்டும். இந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே மலை நிற்கிறது.

கூலியோ நாட்கூலி. பாதுகாப்பான இடத்துக்குப் போன நாளில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குக் கூலி விழாது. மூன்று நாள் வெளியேறினால் மூன்று நாட் கூலி போகும். அதிகாரியின் மாதச் சம்பளம் மழைக்கு வெட்டுப்படுவதில்லை. ஆகையால் அவருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்குவதில்லை. போய்த் தங்கும் இடம் எது? பள்ளிக்கூடம் என்பர். அந்தப் பள்ளிக்கூடமே இன்னொரு சரிவின் அடியில் இருந்தால்? எத்தனை நாள் தங்குவது, யார் சோறு போடுவது, திரும்பி வரலாம் என்று யார் சொல்வது? இவற்றுக்கு விடையில்லாத நோட்டீசுக்கு எச்சரிக்கை என்று பேர் வைக்கலாகாது. போவதற்கு இடமுள்ளவனுக்குத்தான் எச்சரிக்கை எச்சரிக்கையாகும். இடமில்லாதவனுக்கு அது அச்சுறுத்தல். சரிந்த பின்னரோ, அதிகாரியின் கையைக் கழுவுவதற்கு அது ஒரு குவளைத் தண்ணீர்.

எந்த மொழியில்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. டித்வா நாட்களில் அரசாங்கத்தின் எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழியாகும் என்று அரசியலமைப்பில் எழுதிற்று. எழுதி நாற்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. நுவரெலியாவிலும் பதுளையிலும் ஆபத்தான சரிவுகளின் அடியில் வாழ்வோரில் மிகப் பலர் தமிழ் பேசுவோர். மொழியுரிமை என்பது மேடைப் பேச்சுக்கும் பெயர்ப்பலகைக்கும் மாத்திரம் உரிய விஷயம் என்று நினைப்போர் இங்கே வந்து பார்க்கட்டும். மலை இறங்குவதற்கு மொழிபெயர்ப்பாளன் வரும்வரை காத்திருக்கும் வழக்கம் இல்லை. இரவு பத்து மணிக்குச் சிங்களத்தில் வந்த சிவப்பு அறிவிப்பு, காலை ஆறு மணிக்குத் தமிழில் வந்தால், அது எச்சரிக்கை அன்று, மரண அறிவித்தல்.

அயல் நாடுகளின் அனுபவம்

இந்த அவலம் நமது தீவுக்கு மாத்திரம் உரியதும் அன்று. 2020 ஓகஸ்டு 6ஆம் திகதி இரவு, கேரளத்தின் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. மாண்டவர்களிற் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்தமையால், வெளியுலகுக்குச் செய்தி எட்டவே மறுநாள் காலையாயிற்று. கடல் கடந்தாலும் அதே தேயிலை, அதே லயம், அதே மண்!

2024 யூலை 30ஆம் திகதி அதிகாலை வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் இருநூறுக்கு மேற்பட்டோரோடு அழிந்தன. ஆனால் அங்கே நாம் பின்பற்றவேண்டிய ஒரு காரியமும் நடந்திருந்தது. ஹியூம் நிலையம் என்ற தன்னார்வ ஆய்வு நிலையம் மாவட்டமெங்கும் மழைமானிகளை வைத்து, உள்ளூர் மக்களைக் கொண்டே நாள்தோறும் அளந்துவந்தது. அந்த அளவுகளைக் கண்டு, முந்தைய நாளே மாவட்ட நிருவாகத்துக்கு அபாயம் அறிவித்ததாக அந்நிலையம் கூறியது. சாதாரணக் குடிமக்களும் மலையை அளக்க முடியும் என்பதற்கு இது சான்று. அளந்து சொன்னது மாத்திரம் போதாது என்பதற்கும் இதுவே சான்று.

நம்பிக்கை தரும் உதாரணமும் உண்டு. ஹொங்கொங் நகரில் 1972 யூன் 18ஆம் திகதி ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் மாண்டனர். 1976இல் முன்னர் சரிந்த சௌ மௌ பிங் குடியிருப்பிலேயே மீண்டும் சரிவு ஏற்பட்டு 18 பேர் மாண்டனர். "இயற்கையின் சீற்றம்" என்று அந்நகரம் கைகட்டியிருக்கவில்லை. 1977இல் சரிவுகளைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு பொறியியல் அலுவலகம் ஏற்படுத்தியது. மனிதன் வெட்டிய ஏறத்தாழ 60,000 சரிவுகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்து, அதைப் பேணும் பொறுப்பு யாருடையது என்று தீர்மானித்தது. அதன் பின்னர் அங்கே சரிவுகளால் மாளுவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. மழை குறையவில்லை, மலையும் குறையவில்லை, பொறுப்பில்லாத சரிவு மாத்திரம் இல்லாமற் போயிற்று.

செய்யவேண்டியவை

நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவது, சிவப்பு அறிவிப்பு எந்த நிமிடத்தில் சிங்களத்தில் வெளியாகிறதோ, அந்த நிமிடத்திலேயே தமிழிலும் வெளியாகவேண்டும். மூன்று நிறங்களுக்குரிய வாசகங்களை முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்துக்கொள்வதற்கு எந்தப் பொருளாதார நெருக்கடியும் தடையாகாது.

இரண்டாவது, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒரு மழைமானியும் அதை வாசிக்கப் பழகிய இருவரும் இருக்கவேண்டும். தோட்டக் கந்தோர்களில் மழைக் கணக்கு எழுதும் வழக்கம் துரைமார் காலத்திலிருந்தே உண்டு. தேயிலைக்காக எழுதிய கணக்கை உயிருக்காகவும் எழுதட்டும். கொழும்பிலிருந்து வரும் செய்தி, புயலில் கம்பி அறுந்தால் வராது. முன்னாளில் விடியற்காலை பிரட்டுக்குத் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பினார்கள். வேலைக்கு எழுப்பிய அந்தத் தப்பு, உயிரைக் காக்கவும் நள்ளிரவில் ஒலிக்கட்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு லயத்துக்கும் போய்த் தங்கும் இடம் எது என்று மாரிக்கு முன்பே குறித்து, வல்லுநர் பார்த்து ஒப்புக்கொண்டு, பலகையில் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். அரசாங்க உத்தரவின்படி வெளியேறிய நாட்களுக்குக் கூலி உண்டு என்பதைச் சட்டமாக்க வேண்டும். அந்தக் கூலியைத் தோட்டம் கொடுப்பதா, அரசாங்கம் கொடுப்பதா என்பதை அவர்கள் தம்முட் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். தொழிலாளியின் வயிற்றிலே அந்த வழக்கை நடத்தவேண்டாம்.

நான்காவதும் தலையாயதும் காணி. ஆபத்தானது என்று படத்தில் சிவப்பாக வரைந்த சரிவின் கீழ் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பாதுகாப்பான இடத்திலே, உறுதியோடு கூடிய காணி வேண்டும். இந்திய அரசாங்கத்தின் உதவியோடு மலைநாட்டில் வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அந்த வீடுகள் முதலில் சிவப்புச் சரிவுகளிலிருந்து ஆட்களை இறக்குவதற்குப் பயன்படட்டும். அரசியற் சிபாரிசின் வரிசை வேறு, ஆபத்தின் வரிசை வேறு.

இவ்வளவு பேரையும் இடம்பெயர்ப்பது எளிதோ, சமதரை எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பர். எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். எல்லாரையும் ஒரே ஆண்டில் நகர்த்தவும் முடியாது. அதனாலேதான் வரிசை வேண்டும் என்கிறோம். மிக ஆபத்தான சரிவு முதலில்; மற்றவை அடுத்தடுத்து; யார் எந்த ஆண்டில் என்பதை எழுதி வெளியிடவேண்டும். தேயிலைக்கு நிலம் தேடிக்கொடுத்த நாடு, தேயிலை பறித்தவளுக்குப் பத்துப் பேர்ச்சு தேடிக்கொடுக்க இயலாதா?

நமது பங்கு

இதுவரை அரசாங்கத்துக்குச் சொன்னோம். இனி நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. வெள்ளவத்தையிலே வாழும் பொறியியலாளர்களும் வழக்கறிஞர்களும் வைத்தியர்களும் கணக்காளர்களும், புயல் அடித்த வாரத்தில் கைநிறையக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி. ஆனால் அரிசி மூடை ஒரு வாரத்துக்கு, அறிவு நெடுங்காலத்துக்கு. சரிவுப் படங்களைப் படிக்கத் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு விடுமுறை நாட்களை ஒரு தோட்டப் பிரிவுக்குக் கொடுத்தால், அங்குள்ள இளைஞர் பத்துப் பேர் வெடிப்பையும் ஊற்றையும் அடையாளம் காணக் கற்றுக்கொள்வர். காணியுறுதியின் சிக்கலை அவிழ்க்க வழக்கறிஞர்கள் வேண்டும். கோவையில் உறங்கும் எச்சரிக்கையை எழுப்பி, "இதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று எழுத்திலே கேட்க, எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலும் அதன் சுற்றாடலிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலைபார்க்கும் மலைநாட்டுப் பிள்ளைகள் ஏராளம். இவர்களின் கையிலே தொலைபேசி இருக்கிறது. ஊரிலே தாயும் தகப்பனும் லயத்தில் இருக்கின்றனர். சிவப்பு அறிவிப்பைக் கேட்டவுடன் ஊருக்குச் சொல்லும் முதல் வாய் இவர்களுடையதாக இருக்கலாம். இவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிமார், அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேச விடுவது பெரிய தருமம்.

மலைநாட்டிலே மரக்கறி பயிரிடும் கமக்காரருக்கும் ஒரு வார்த்தை. மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் நீர் விரைந்து ஓடும், மண்ணையும் கொண்டோடும். சரிவுக்குக் குறுக்காகப் பாத்தியும், கல்லணையும், தூர்வாரிய கானும் உங்கள் கிழங்கை மாத்திரமன்று, கீழே உறங்கும் அயலவனையும் காக்கும். உங்கள் நிலத்தில் புதிய வெடிப்பைக் கண்டால் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் பேசாதிருக்க வேண்டாம். கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். கீழே இருப்பவனுக்கு முதலில் சொல்லுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நமது முன்னோர் வாக்கு. 1823ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளாக இந்த நாட்டு மலைகளை வளமாக்கியவர்கள், அந்த மலைகளினாலேயே மூடப்படுவதை இனியும் விதி என்று சொல்லிப் பார்த்திருப்பது அறமாகாது. அடுத்த மாரி தவறாமல் வரும். மழைமானி தன் கணக்கைச் சொல்லும். ஜாவத்தை வீதியிலிருந்து சிவப்பு அறிவிப்பும் வரும். அந்த இரவில் ஒரு தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "எங்கே போவது?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு விடை மழைக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதவேண்டியவர்கள் கொழும்பிலே இருக்கின்றனர். எழுதச் செய்யவேண்டியவர்கள் நாம்.